யாருடைய நிலத்துக்குத் திரும்புவது?

‘இளைஞர்களே, நிலத்துக்குத் திரும்புங்கள்’ என்று ஒரு கூப்பாடு கொஞ்ச காலமாகக் காதைத் துளைக்கிறது. அரசாங்கம் சொல்கிறது. வேளாண் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பாதித்துவிட்டு வந்து ஐந்து காணி வாங்கிப் போட்ட கனவான்கள் மேடை போட்டுச் சொல்கிறார்கள். நாட்டு விதை, நாட்டு மாடு, பஞ்சகவ்யம், முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை என்று ஒரே மணக்க மணக்கப் பேச்சு. கேட்டுக்கொண்டு நிற்கும் சேரி இளைஞனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. யாருடைய நிலத்துக்கு?

‘திரும்புவது’ என்ற சொல்லே சொந்த இடம் ஒன்றை விட்டுவிட்டு வந்தவனுக்கான சொல். விட்டுவிட்டு வந்தது ஆண்டையின் களமும் படியாள் வேலையும் என்றால், அங்கே மறுபடி போவதற்குப் பெயர் திரும்புவது இல்லை. மாட்டிக்கொள்வது.

இதை நான் உப்பளத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். புதுச்சேரி டவுனுக்குள் இருக்கிற உப்பளத்தில் கழனி ஏது, உழவர் மன்றத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். எங்கள் பாட்டன் பாகூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில் பண்ணையாள். அப்பா அங்கிருந்து கிளம்பி மில் வேலையை நம்பி டவுனுக்கு வந்தார். நான் உப்பளத்தில் வளர்ந்தேன். ஆனால் பிழைப்பு என்னை மறுபடியும் கழனிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. டிராக்டர் டிரைவர். விடியற்காலையில் கிளம்பி பாகூர் கொம்யூனுக்குப் போய்ச் சேடை ஓட்டுவேன். அறுப்பு சமயத்தில் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுவேன். வண்டியும் என்னுடையது இல்லை, கழனியும் என்னுடையது இல்லை. இந்தப் பிழைப்போடு சேர்த்து, 2009-லிருந்து அங்கே ஓர் இளம் உழவர் மன்றத்தில் உறுப்பினன். எந்த ஊர், எந்த வங்கி, எந்த அதிகாரி என்று பெயர் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அது அந்த ஓர் ஊரின் தப்பாகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் யோக்கியர்களாகிவிடுவார்கள்.

மன்றம் வந்த வழி

இளம் உழவர் மன்றம் என்பது நம் மண்ணில் முளைத்த பயிர் இல்லை. 1921-இல் இங்கிலாந்தில் டெவன் வட்டாரத்து ஹெமியாக் கிராமத்தில், ஒரு பால் கம்பெனி பண்ணைக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கன்றுக்குட்டி வளர்க்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. அந்த நாட்டில் அதுதான் முதல் மன்றம். அமெரிக்காவில் அதற்கும் முன்பே இப்படிப்பட்ட பிள்ளைகள் மன்றங்கள் வந்துவிட்டன. இந்தியாவில் 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவக்குகள் செய்ய வேண்டிய வேலைகளில் இளைஞர் மன்றம் அமைப்பதும் சேர்ந்துகொண்டது. 1982-இல் நபார்டு வங்கி வந்தது. அதே வருஷம் நவம்பரில் ‘விகாஸ் வாலண்டியர் வாகினி’ என்று வாயில் நுழையாத பெயரில் ஊருக்கு ஊர் குழு அமைக்கும் திட்டம் வந்தது. 2005-இல் அதற்கு உழவர் மன்றம் என்று பெயர் மாற்றினார்கள். கடனை வாங்கு, விஞ்ஞான முறையில் செலவு செய், மிச்சம் பிடி, தவணை தவறாமல் கட்டு. திட்டத்தின் சாரம் அவ்வளவுதான். கடன் வாங்கத் தகுதி உள்ளவனுக்குத்தான் இந்த உபதேசமெல்லாம். அடமானம் வைக்க நிலம் இல்லாதவனுக்குத் தவணையைப் பற்றி என்ன வகுப்பு?

2015-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கிராமத்து இளைஞர்களை விவசாயத்திலேயே பிடித்துவைக்க இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘ஆர்யா’. இங்கிலீஷ் எழுத்துகளைச் சுருக்கினால் அப்படி வருகிறதாம். இருக்கட்டும். சேரி இளைஞனைக் கழனிக்குக் கூப்பிட இவர்களுக்குக் கிடைத்த பெயரைப் பார்த்தீர்களா தோழர்களே!

இதில் புதுச்சேரிக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டது இங்கேதான். இன்று நாடு முழுக்க எழுநூறுக்கு மேல் இருக்கும் அந்த நிலையங்களுக்கெல்லாம் இதுவே மூத்தது. ‘செய்து கற்றல்’ அதன் கொள்கை. நல்ல கொள்கை, நமக்கு ஆட்சேபணை இல்லை. நாம் கேட்பது இதுதான்: செய்கிறவர் யார், கற்றதாகச் சான்றிதழ் வாங்குகிறவர் யார்?

சேற்றில் ஒருத்தி, வரப்பில் ஒருவன்

ஒற்றை நாற்று நடவு வந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14 நாள் வயசுப் பிள்ளை நாற்று. ஒரு குத்துக்கு ஒன்றே ஒன்று. குத்துக்குக் குத்து, வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர். கழனி சதுரம் சதுரமாகத் தெரிய வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை உருளைக் களையெடுப்பானை அந்த வரிசையில் தள்ளிக்கொண்டு போகவேண்டும். தண்ணீரைக் கட்டிவைக்காமல் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். விதை நெல் மிச்சம், தண்ணீர் மிச்சம், தூர் நிறையக் கட்டும்.

காலம் காலமாக முதிர்ந்த நாற்றைக் கொத்தாக நட்டுப் பழகிய கைகள் முதல் பட்டத்தில் திணறின. கயிறு பிடித்து அளந்து, வேர் அறாமல், ஆழம் போகாமல், ஒட்டியிருக்கும் விதையோடு பிள்ளை நாற்றை விரல் நுனியால் வைக்க வேண்டும். இரண்டாம் பட்டத்தில் எங்கள் சேரிப் பெண்கள் கயிறே இல்லாமல் கோடு போட்ட மாதிரி நட்டார்கள். களையெடுப்பானைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டை இறங்கியது எங்கள் பையன்களுக்கு. பயிற்சி நடந்த நாட்களில் வரப்பில் நிழல் பார்த்து நாற்காலி போட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் மன்றத்து உறுப்பினர்கள். பட்டாதாரர் வீட்டுப் பிள்ளைகள். சேற்றில் நின்று கற்றவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. அவர்களுக்கு அன்றைக்குக் கூலி கொடுத்தாகிவிட்டதாம். கூலி கொடுத்துவிட்டால் அறிவும் கூலி கொடுத்தவனுக்குப் போய்விடுமா?

மகசூல் கூடியது. பேப்பரில் போட்டோ வந்தது. சிறந்த இளம் உழவர் என்று ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான், தனியாக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பட்டம் முழுக்க அவர் காலில் சேறு பட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் எப்படி மன்றத்துக்குள் வந்தோம் என்பதும் ஒரு கதை. மன்றம் பதிவு செய்ய ஆள் கணக்கு வேண்டும். ஊரில் இளவட்டங்கள் பாதிப்பேர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். குறைந்த தலைக்கு எங்கள் பக்கம் ஆள் அனுப்பினார்கள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். ஊரும் சேரியும் சேர்ந்த மன்றம் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். பிறகு மானியத்தில் பவர் டில்லர் வந்தது. ‘பட்டா நகல், அடங்கல் நகல் எடுத்துட்டு வாங்க’ என்றார்கள். எங்களிடம் இருந்தது ரேஷன் கார்டு. நான் அதிகாரியிடம் கேட்டேன்.

“சார், அப்ப நாங்க யாரு?”

“நீங்க மெம்பர்ப்பா.”

“விவசாயி இல்லியா?”

“ரெக்கார்டுல இல்லியேப்பா. நான் இன்னா பண்ண முடியும்?”

அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. ரெக்கார்டில் நாங்கள் இல்லை. பிரச்சினை அந்த ரெக்கார்டுதான்.

உழவனுக்கு அரசாங்கத்தின் இரண்டு அகராதி

2007-இல் இந்திய அரசு தேசிய உழவர் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான உழவர் ஆணையத்தின் பரிந்துரைகளிலிருந்து வந்தது அது. அதில் ‘உழவர்’ யார் என்று பெரிய பட்டியலே உண்டு. நிலம் உள்ளவர் மட்டுமல்ல. குத்தகைக்காரர், வாரக்காரர், நிலமற்ற விவசாயக் கூலி எல்லோரும் உழவர்தான் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

2019 பிப்ரவரியில் அதே இந்திய அரசு உழவர்களுக்கு வருஷத்துக்கு 6000 ரூபாய் என்று அறிவித்தது. யாருக்கு? நிலப் பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பத்துக்கு. கூலிக்கு இல்லை. வாய்வார்த்தையில் குத்தகை பிடித்தவனுக்கு இல்லை. ஆக, காகிதத்தில் மரியாதை கொடுக்கும்போது நாம் உழவர். காசு கொடுக்கும்போது நாம் யாரோ.

சாவிலும் இந்தப் பிரிவினை உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014-ஆம் வருஷக் கணக்கிலிருந்து விவசாயத் தற்கொலைகளை இரண்டாகப் பிரித்து எழுதுகிறது. 2022-இல் விவசாயத்தில் இருந்து தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். அதில் நிலம் வைத்தோ குத்தகைக்கோ பயிர் செய்தவர்கள் 5,207 பேர். விவசாயக் கூலிகள் 6,083 பேர். ‘உழவர் தற்கொலை’ என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள் யாரை நினைத்து விடுகிறார்கள்? செத்தவர்களில் பெரும்பங்கு நாம். கண்ணீரில் நம் பங்கு எவ்வளவு?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நாம் நூற்றுக்குப் பதினாறரைப் பேருக்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்தில் நம் கையில் இருந்தது 9 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. விவசாயத்தில் உழைக்கும் தலித்துகளில் பத்துக்கு ஏழு பேர் கூலிகள். புதுச்சேரி மாநிலத்தின் ஐந்து தனித் தொகுதிகளில் ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் என நான்கு, புதுச்சேரிப் பகுதியின் கழனி வெளியில்தான் கிடக்கின்றன. நெல் விளையும் இடத்தில் நாம் நெருக்கமாக இருக்கிறோம் என்று தேர்தல் கமிஷனுக்குத் தெரிகிறது. மன்றத்தில் சேர்க்கும்போது மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது.

‘உற்பத்தியாளர்’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவன்

‘சாதி பேசாதீங்க தம்பி, உழவன்னா எல்லாரும் ஒண்ணு’ என்று மன்றத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உழவர் ஒற்றுமை என்ற பாட்டு நமக்குப் புதிதில்லை. கீழத்தஞ்சையில் 1960-களில் மிராசுதார்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நெல்லை உற்பத்தி செய்த பள்ளரும் பறையரும் அதில் உற்பத்தியாளர் இல்லை. நிலத்தை வைத்திருந்தவன்தான் ‘உற்பத்தியாளன்’. செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேருங்கள் என்று அந்தச் சங்கம் கூலிகளை நெருக்கியது. அவர்கள் மறுத்தார்கள், கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும். கீழ்க் கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

பாகூர் மன்றத்தையும் வெண்மணியையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று கேட்காதீர்கள். வைக்கவில்லை. பெயர் வைக்கிற அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். உழைப்பை ஒருவன் தருவான், ‘உற்பத்தியாளன்’, ‘உழவன்’, ‘முன்னோடி விவசாயி’ என்ற பெயரை இன்னொருவன் எடுத்துக்கொள்வான் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்டால் முகம் மாறுகிறது. எவ்வளவு தூரம் மாறும் என்பதற்குத்தான் வெண்மணி.

வெண்மணிக்குப் பிறகு அந்தச் சீமையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-இல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கினார். மிராசுதார்களிடமிருந்து நிலத்தைப் பேசி வாங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், பத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் வழிமுறையில் நமக்கு விவாதம் இருக்கலாம். ஆனால் ஒன்று நிரூபணமாயிற்று. பத்திரம் கைக்கு வந்த அன்றே கூலிக்காரி ‘உழவர்’ ஆகிவிட்டாள். அவளுக்கு யாரும் மூன்று நாள் பயிற்சி நடத்தவில்லை.

பஞ்சமியும் இல்லாத பிரஞ்சு மண்

தமிழ்நாட்டுத் தோழர்களுக்குக் கேட்க ஒரு பிடி இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-இல் சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் 12 இலட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி சாதி இந்துக்கள் கையில் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். பறிபோனதாக இருந்தாலும் அங்கே ‘இது எங்களுடையது’ என்று சொல்ல ஓர் ஆவணம் இருக்கிறது.

நமக்கு? வெள்ளைக்காரன் ஆணை பிரஞ்சுக் கொடி பறந்த கொம்யூன்களுக்குச் செல்லாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கல்லில் வெட்டிய பிரஞ்சுக்காரன் நமக்கு என்ன செய்தான்? 1848-இல் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தான். கரும்புக் கொல்லைக்கு ஆள் இல்லாமல் போகவே, 1853-இல் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ‘ஒரேலி’ என்ற கப்பலில் மார்த்தினிக் தீவுக்குக் கூலிகளை ஏற்றினான். அடுத்தடுத்துப் போன கப்பல்களில் நம்மவர்கள் ஏராளம். சொந்த மண்ணில் ஒரு குழி நிலம் கொடுக்காதவன், கடல் தாண்டி அடுத்தவன் கொல்லையில் வேலை கொடுத்தான்.

உப்பளத்தின் பேரிலேயே இந்தக் கதை இருக்கிறது. பேர் சொல்வது உப்பு விளைந்த இடத்தை. 1815 லண்டன் உடன்படிக்கையும் 1818 ஏற்பாடும் பிரஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைச்சலுக்குச் சமாதி கட்டின. உப்பு வியாபாரத்தின் ஏகபோகம் இங்கிலீஷ்காரனுக்கு வேண்டும். அதற்காக வருஷா வருஷம் நட்ட ஈடு கொடுத்தான். நட்ட ஈடு கணக்கிடப்பட்டது உப்பளத்துக்குச் சொந்தக்காரர்களின் இழப்புக்கு. பாத்தியில் கால் வெந்து உப்பு வாரியவன் எந்த உடன்படிக்கையிலும் இல்லை. சொத்து உள்ளவனுக்குத்தான் இழப்பு, உழைப்பு மட்டும் உள்ளவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை என்பதுதான் அன்றைய சட்டம். பவர் டில்லருக்குப் பட்டா கேட்கிற இன்றைய சட்டமும் அதன் பேரப்பிள்ளைதான்.

1954-இல் பிரஞ்சு ஆட்சி போனது. 1973-இல் புதுச்சேரிக்கும் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஊராட்சி வழியாகப் புறம்போக்கையும் பொது நிலத்தையும் கேட்கலாம் என்றால், 1968-க்குப் பிறகு 2006 வரை 38 வருஷம் இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடத்தவில்லை. ஒரு தலைமுறை முழுக்கக் கேட்பதற்கு ஒரு பஞ்சாயத்துத் திண்ணைகூட இல்லாமல் வளர்ந்தது.

கருப்பினத் தோழர்களின் பாடம்

அமெரிக்காவில் வெள்ளைப் பண்ணைப் பிள்ளைகளுக்கு ‘எதிர்கால உழவர்கள்’ என்று ஒரு பேரமைப்பு இருந்தது. நிறவெறி கொடிகட்டிய தென் மாநிலங்களில் கருப்பினப் பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. அவர்கள் தங்களுக்கென்று ‘அமெரிக்காவின் புதிய உழவர்கள்’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். 1935-இல் டஸ்கிகீயில் அது தேசிய அமைப்பாயிற்று. பேச்சுப் போட்டி, பயிர்ப் போட்டி, தலைமைப் பயிற்சி எல்லாம் அவர்களே நடத்தினார்கள். 1965-இல் இரண்டு அமைப்பையும் இணைத்தார்கள். அப்போது ஐம்பதாயிரத்துக்கு மேல் கருப்பின உறுப்பினர்கள். இணைப்பு என்று பெயர். நடந்தது என்ன? கருப்பினப் பிள்ளைகளின் அமைப்புப் பெயர் போயிற்று, சட்டை போயிற்று, கொடி போயிற்று, தலைவர்களுக்கு நாற்காலி போயிற்று.

நிலம் அதைவிட வேகமாகப் போயிற்று. 1920-இல் ஒன்பது இலட்சத்துக்கு மேல் இருந்த கருப்பின உழவர்கள் 1982-இல் 33 ஆயிரம் சொச்சம். கடன் கேட்டுப் போனால் வெள்ளை அதிகாரி இழுத்தடிப்பான், பட்டம் முடிந்த பிறகு பணம் வரும். அரசாங்கத்தின் விவசாயத் துறையே இப்படிப் பாரபட்சம் காட்டியது என்று 1997-இல் வழக்குப் போட்டார்கள். பிக்ஃபோர்ட் வழக்கு. 1999-இல் அரசாங்கம் இழப்பீடு தர ஒத்துக்கொண்டது.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. நிலம் இல்லாமல் மன்றத்தில் இடம் கிடைத்து ஒன்றும் ஆகாது. சொந்தப் பெயரையும் தலைமையையும் கொடுத்துவிட்டுச் சேரும் சேர்க்கை, சேர்க்கை இல்லை, கரைப்பு.

‘கழனியே வேணாம்’ என்கிற நம்மவர்களுக்கு

நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வருகிறது. ‘மண்ணு நமக்கு எதுக்குப்பா? படிச்சோம், டவுனுக்கு வந்தோம்னு இரு. அந்தச் சேறு போதும்.’ இந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. கிராமம் என்பது நமக்கு என்ன என்பதை 1948 நவம்பர் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் போட்டு உடைத்துவிட்டார். எங்கள் அப்பா மில்லுக்கு வந்தது விடுதலைதான். மில்லுக்குள்ளும் சாதி இருந்தது. ஆனால் சங்கு ஊதினால் வேலை முடிந்தது, சம்பளம் எண்ணிக் கையில் வந்தது, வாசலில் துண்டை இடுப்பில் கட்டச் சொல்ல ஆள் இல்லை. அந்த எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30 அன்று இதே புதுச்சேரியில் பன்னிரண்டு தொழிலாளிகள் பிரஞ்சுத் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

ஆனால் 2020-இல் முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். மில் தொழிலாளியின் பேரன் இன்று டவுனில் செக்யூரிட்டி, சாப்பாடு டெலிவரி, இல்லையென்றால் என்னை மாதிரி மறுபடியும் அடுத்தவன் கழனியில் டிரைவர். நகரம் நம்மை உள்ளே விட்ட கதவை நகரமே சாத்துகிறது. ‘நிலத்துக்குத் திரும்புங்கள்’ என்ற கூப்பாடு சரியாக இந்த நேரத்தில்தான் உரக்கக் கேட்கிறது. மலிவான ஆள் தேவைப்படும்போதெல்லாம் அவர்களுக்கு நம் ‘முன்னோர்’ ஞாபகம் வரும்.

கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்ன அதே அம்பேத்கர், 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் நிலம் முழுவதும் அரசுடைமை, சாதி வித்தியாசம் இல்லாமல் பங்கிட்டுக் கூட்டுப் பண்ணையாகச் சாகுபடி என்று அரசியல் சட்டத்திலேயே எழுதக் கேட்டார். அவர் மறைந்த பிறகு தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1959-லும் 1964-லும் நிலத்துக்காக இலட்சக்கணக்கில் நம் மக்கள் சிறைக்குப் போனார்கள். ஊர்ச் சாதியை விட்டு வெளியேறு என்பதும் நிலத்தைக் கேள் என்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு கை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டாதீர்கள்.

அப்ப இன்னா செய்யிறது?

பஞ்சாபைப் பாருங்கள். அங்கே 1961-ஆம் வருஷச் சட்டத்தின்படி, குத்தகைக்கு விடும் பஞ்சாயத்துப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகளுக்கு. பல பத்து வருஷம் அது காகிதமாகவே கிடந்தது. பண்ணைக்காரன் தன் வேலைக்காரன் பெயரில் ஏலம் எடுத்துத் தானே அனுபவித்தான். 2014-இல் சங்ரூர் மாவட்டத்தில் தலித் இளைஞர்கள் ‘நிலம் பெறும் போராட்டக் குழு’ கட்டினார்கள். பலத் கலான் ஊரில் வீட்டுக்கு வீடு காசு போட்டு ஏலத்தில் இறங்கினார்கள். தடியடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், நிலத்தைப் பிடித்தார்கள், கூட்டாகப் பயிர் செய்தார்கள். மாட்டுக்குப் புல் அறுக்க அடுத்தவன் வரப்பில் ஏறி வசவும் சீண்டலும் வாங்கிய பெண்களுக்குச் சொந்தத் தீவனம் கிடைத்தது. இதற்குப் பெயர்தான் இளம் உழவர் மன்றம்.

நாம் கேட்க வேண்டியது தெளிவாக இருக்கட்டும்.

மன்றத்தில் உறுப்பினராகத் தகுதி உழைப்பு. பட்டா இல்லை. 2007 கொள்கையில் அரசாங்கம் எழுதிய அர்த்தத்தையே நாம் கேட்கிறோம். டிரைவர், நாற்றுப் பிடுங்குகிறவர், அண்டை கழிக்கிறவர், மடை பார்க்கிறவர், எல்லோருக்கும் உழவர் அடையாள அட்டை வேண்டும்.

நடவும் களையும் பெண்கள் கையில் இருக்கிறது. மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. அமெரிக்காவின் அந்த ‘எதிர்கால உழவர்’ அமைப்புகூட 1969 வரை பெண்களைச் சேர்க்காமல் இருந்தது. நம் மன்றங்களில் இன்றும் பெண்கள் டீ கொடுக்கத்தான் வருகிறார்கள்.

புதுச்சேரியின் கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் பொதுக் குத்தகையிலும் மூன்றில் ஒரு பங்கு தலித் குழுக்களுக்கு. பினாமி ஏலம் எடுத்தால் குத்தகை ரத்து. வாய்வார்த்தைக் குத்தகைக்குப் பதிவு.

மானிய டிராக்டர், நடவு மிஷின், அறுப்பு மிஷின் வாடகை நிலையங்களை ஓட்டுகிறவர்களின் கூட்டுறவுக்குக் கொடு. நிலம் வருவதற்கு முன்பே நாங்கள் ஓட்டும் ஸ்டியரிங்காவது எங்களுடையதாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் அவர்கள் மன்றத்தின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் அந்த மன்றத்தை விட்டு விலகவில்லை, விலகவும் போவதில்லை. எங்கள் கையெழுத்தால் உண்டான மன்றம் அது. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருப்போம். கூடவே ஏம்பலத்திலும் நெட்டப்பாக்கத்திலும் பாகூரிலும் சேரிக்குச் சேரி நமக்கான உழைக்கும் உழவர் மன்றத்தைக் கட்டுவோம். நம் பெயரில், நம் தலைமையில். வரும் பட்டத்துக் குத்தகை ஏலத்துக்கு முன்னால் எந்த ஊரில் எவ்வளவு கோயில் நிலம், எவ்வளவு புறம்போக்கு, யார் பெயரில், யார் அனுபவத்தில் என்று ஊர் ஊராகக் கணக்கு எடுப்போம். டிரைவர்களுக்கும் நடவுக்காரிகளுக்கும் தெரியாத வரப்பு கிடையாது. உப்பளத்தில் உட்கார்ந்திருக்கும் மில் தொழிலாளிப் பேரப்பிள்ளைகள் மனு எழுதவும் வழக்குப் போடவும் வாருங்கள்.

நிலத்துக்குத் திரும்பச் சொல்கிறவர்களுக்கு நம் பதில் ஒன்றுதான். சர்வே எண்ணைச் சொல்லுங்கள், வருகிறோம்.